காசு சுற்றியிருந்த காகிதம்

1 ஜூன் 1954, செவ்வாய்
மூன்றாம் நாளாக மழை. தேயிலைக் கொழுந்து குறைவு. சப்பாத்து இன்னும் காயவில்லை.

மாலை தோட்டத்து ஆபீசுக்கு முத்தையா வந்தான், ஐந்தாம் லயத்துத் தொழிலாளி. 9ஆம் திகதி ஹட்டனில் அவனுக்குப் பிரஜாவுரிமை விசாரணை; தாத்தா காலத்திலிருந்தே இலங்கையில்தான் என்று காட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக் காகிதத்தில் சுற்றி ஒரு காசு. தாத்தாவின் முதல் சம்பளக் காசாம், சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்ததாம்.

"வருசம் மட்டும் பாத்துச் சொல்லுங்கய்யா. ராணி தல போட்ட காசு. இதுக்கு மேல சாட்சி வேணுங்களா?"

காசு சாட்சியாகாது. எனக்குத் தெரியும். ஆனால் காசைப் பார்த்துவிட்டேன். "வச்சிட்டுப் போ, பாப்பம்" என்றேன்.

2, புதன்
காலை வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு. ஐந்து சதம், செம்பு, 1870.
ராணியின் கூந்தல் - இழை இழையாக.
விளிம்பு - முழுசு.
பின்பக்கப் பனைமரம் - நடு ஓலை மங்கல். தேய்மானம் என்றே நினைத்தேன். சாய்த்தால் அந்த இடத்திலும் புதுச் செம்பின் மினுக்கம். தேய்ந்திருந்தால் மினுக்கம்தான் முதலில் போகும். ஆக, அச்சு சரியாக அமுங்கவில்லை, அவ்வளவுதான். கை மாறாத காசு.
குறை - பின்பக்கம் கறுப்புக் கறை. காகிதத்து எண்ணெய்.

முதல் தரத்துக்கு அரைப்படி கீழே. என் காசுச் சேகரிப்பில் இப்படி ஒன்று இல்லை.

கறை இனியும் ஏறக்கூடாது. காகிதத்தை அடுப்பில் போட்டேன். காசுக்கு வெள்ளைத் துணி.

6, ஞாயிறு
மழை விட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மூன்று குடும்பங்களின் மனு தள்ளுபடி. இனி இந்தியாவுக்குக் கப்பல்தான் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தான் என்பதால் என்னிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை.

முத்தையா வந்து காசை வாங்கிப் போனான். விற்பாயா என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.
"கேசு நல்லபடியா முடியட்டுங்கய்யா. நீங்களே வச்சுக்கங்க."

8, செவ்வாய்
மறுபடி மழை. தலையிடி.

கொழுந்தைத் தராசில் நிறுத்தபின் முத்தையா பெண்சாதி செல்லம்மா, ஆபீஸ் ஜன்னலில்.
"காசு சுத்தியிருந்த காயிதம் ஒங்ககிட்டத்தானேங்கய்யா இருக்கு? அது தாத்தாவோட துண்டாம். மாமியா இப்பத்தான் சொல்லுச்சு."

துண்டு. தோட்டம் மாறும்போது பெரிய கங்காணி கொடுக்கும் சீட்டு. பெயர், ஊர், வருடம், கையெழுத்து எல்லாம் இருக்கும்.

"ஓம், இருக்குது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அடுப்பைக் கிளறினேன். ஆறு நாள் சாம்பல் ரோசாச் செடிகளுக்குப் போய்விட்டது. ஆபீஸ் அலுமாரியையும் குடைந்தேன். அந்தக் காலத்துப் பெயர்ப் பதிவெல்லாம் பூஞ்சணத்தில் போயாயிற்று. அந்தக் காகிதத்தில் நீல மைக்கோடுகள் கண்ணில் பட்டன, அன்றைக்கே. விரித்துப் பார்க்கவில்லை. காசின் பனை ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயமாக இருக்கிறது. விடிய முதல் அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

9, புதன்
சொல்லவில்லை. துண்டோடு வருகிறேன் என்று நம்பி என்னையும் ஹட்டனுக்குக் கூட்டிப் போனான்; பஸ்ஸில் பக்கத்திலேயே இருந்தான். சலவை வேட்டி.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். காசை மேசையில் வைத்தான். புளி போட்டு விளக்கியிருக்கிறான், பளபளவென்று. மினுக்கம், கறை, எல்லாம் போயிற்று. அதிகாரி தொடவேயில்லை. எழுத்தில் ஏதும் உண்டா என்றார்.

"இருக்குங்க தொர. நம்ம கிளாக்கரய்யாகிட்ட பத்திரமா இருக்கு."

சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணிக்குக் காட்டச் சொன்னார்.

விறாந்தையில், வாங்குப் பலகையில் இருந்து எழுதுகிறேன். மணி ஒன்று இருபது. என் பையை மடியில் வைத்து, நனையாமல் பிடித்துக்கொண்டு முத்தையா இருக்கிறான்.