மிச்சமிருந்த கரண்ட்

செவ்வாய், இரவு.

மின் அலுவலகத்தில் என் மேசைக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஒன்று பிஸ்கட் பட்டறை சலீம் பாயுடையது, போன வருடமே கொடுத்தது. இன்னொன்று, மேட்டுப்பாளையத்தில் செயற்கை நுண்ணறிவுக் கணினிகளை இரவும் பகலும் ஓட்டப்போகும் புதிய கம்பெனியுடையது. துணைமின்நிலையத்தில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை முழுக்கக் கேட்கிறார்கள்.

"பெரிய கம்பெனிம்மா, மொதல்ல அத முடிச்சு அனுப்பு" என்றார் மேலதிகாரி.

மதியம் சலீம் பாய் வந்தார். "பொக வருது, வெறகு எரிக்காதன்னு நோட்டீஸ் குடுத்துட்டாங்கம்மா. கரண்ட் அடுப்பு வாங்கி வச்சிட்டேன், கரண்டுதான் வரல. வேலை செய்யற பொம்பளைங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று மிச்சத்தை முழுக்கக் கேட்பதைச் சொன்னேன். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்தக் கம்ப்யூட்டருங்க அவ்ளோ கரண்டா எடுக்கும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எடுக்கும் பாய்."

என் மகள் பாடத்துக்கும் நான் ஆபீஸ் கடிதத்துக்கும் தினமும் அந்த மாதிரி ஒரு செயற்கை நுண்ணறிவிடம்தான் உதவி கேட்கிறோம். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் இரண்டு கோப்புகளையும் எடுத்து, முதலில் விண்ணப்பித்தவருக்குத் தேவையானதை முதலில் தரலாம், மீதியைக் கம்பெனிக்குத் தரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலே மாற்றிவிடுவார்கள். மாற்றட்டும். காரணத்தை அவர்கள் கைப்பட எழுத வேண்டும்.

நாளை விளக்கம் கேட்டுக் கூப்பிடுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. அதைவிடக் களைப்பாக இருக்கிறது.