அஞ்சலைக்குக் கிடைத்த கட்டில்

திண்டிவனம், 10-9-1957, செவ்வாய்.

மாதர் சங்கத்தின் சார்பில் நான் அழைத்துக்கொண்டு அலையும் அஞ்சலைக்கு இன்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்துவிட்டது. எட்டு மாதக் கர்ப்பிணி. கல் உடைத்து வரும் உடம்பு வலிக்காக அபின் தின்னப் பழகியவள். "அதை விட்டுட்டு வா" என்று மூன்று முறை எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, உள்ளே படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். என் தங்கைக்கு அப்படித்தான் ஒரேயடியாக நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு நடந்ததை எழுத வேண்டாம்.

இன்று, புதிதாக வந்திருக்கும் நர்ஸ் கமலா அதையே டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். உடனே கட்டில்.

"நர்ஸம்மா பேசினதாலதான் டாக்டரம்மா கட்டில் குடுத்தாங்க. நீங்க சண்டை போட்டுக்கினே இருந்தீங்க" என்கிறாள் அஞ்சலை, கமலாவின் கையைப் பிடித்துக்கொண்டு. பஸ்ஸில் அவள் வாந்தியை ஏந்தியது என் கை.

மருந்துச் சீட்டை வாங்கி, நானாகக் கற்ற இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தினமும் எவ்வளவு குறைப்பது என்று ஒழுங்காக எழுதியிருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத் தேடினேன்.

"இதே மாதிரி வேற யாராவது இருந்தா அழைச்சிக்கினு வாங்கம்மா" என்றாள் கமலா.

யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அஞ்சலையோடு கல் உடைக்கும் செல்லிக்கு ஐந்து மாதம். அதே அபின்.

நாளை செல்லியை நானே டாக்டரிடம் அழைத்துப் போவேன். கமலாவிடம் போய் நிற்க மாட்டேன். டாக்டர் மறுபடியும் திருப்பி அனுப்பினால்? கமலாவுக்கு எந்தெந்த நாள் வேலை என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.