ஏழு சீட்டும் ஒரே பெயரும்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

சபைச் செயலாளரை இன்று ஏழு பேரிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். மனுஷர் தலையிடாமல் ஆண்டவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றுதானே இந்த ஏற்பாடு? பெட்டி தயார் செய்யும் வேலையை நீங்கள் ஓடிப்போய் வாங்கினீர்கள். "உள்ள என்ன?" என்று நேற்றுக் கேட்டதற்கு, "ஆண்டவருக்கு ஒரு சின்ன ஒத்தாசை" என்று சிரித்தீர்கள். காலையில் திறந்து பார்த்தேன். ஏழு சீட்டிலும் உங்கள் பெயர்! பாவம் ஆண்டவர், எதை எடுப்பதென்று திணறிப்போயிருப்பார்.

உலகத்தைப் படைத்தவருக்கு உங்கள் ஒத்தாசை வேண்டாம். ஆறு சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். மற்ற ஆறு பேர் பெயரையும் எழுதிப் போட்டு, பெட்டியை நானே கொண்டுபோகிறேன். நீங்கள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி. உங்கள் சீட்டும் உள்ளேதான் இருக்கிறது. வந்தால் முதல் கைதட்டல் என்னுடையது.

தையல்காரர் உங்கள் புதுக் கோட்டோடு வருவார். அவர் பெயரும் பெட்டியில் இருக்கிறது, மரியாதையாகப் பேசுங்கள்.

சொல்ல மறந்தேன்: கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த ஏற்புரையைக் கிழித்துவிடாதீர்கள். "எல்லாம் அவர் சித்தம்" என்று முடித்திருக்கிறீர்களே, யார் பெயர் வந்தாலும் எழுந்து நின்று அந்த வரியைச் சத்தமாகச் சொல்லுங்கள்.