ஒட்டினால் போதுமா?

செவ்வாய், இரவு.

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. இனிப்பு நீர் நோய்க்காக நாங்கள் உருவாக்கும் மருந்து, செல்லின் மேல் மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ரிசெப்டரில் நன்றாகத்தான் ஒட்டுகிறது. ஒட்டிய பிறகு செல் அசைந்து கொடுப்பதே இல்லை. இன்றைய சோதனையிலும் அதே கதைதான். நாளை முதலீட்டாளர்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். என்னோடு கம்பெனி தொடங்கிய குமரன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஸ்லைட்ல ஒட்டுதுன்னு மட்டும் போடு லா. மத்தத கேட்டா பாத்துக்கலாம்.”

“அது ஏமாத்து வேல!” என்று கத்திவிட்டு, செரண்டாவில் இருக்கும் எங்கள் லேப்பிலிருந்து ஈஜோக்கில் இருக்கும் வீடு வரை ஆத்திரத்தோடு மோட்டார் ஓட்டி வந்தேன்.

வீட்டில் அம்மா இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்.

“உன் மருந்து வேல செய்யுதா பாப்பா?”

“நல்லா ஒட்டுதும்மா” என்றேன்.

அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொல்லக் கிளம்பினார். நான் தடுக்கவில்லை.