கத்தியைக் கீழே போடுகிறவர்

ஜூன் 14, ஞாயிறு

காலையில் காரின் கண்ணாடி முழுக்க ஐஸ்; இந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம். தண்ணீர் ஊற்றித்தான் எடுத்தது. ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் ஒத்திகை. முந்நூறு வருடத்துக்கும் முந்திய ஆங்கிலச் சோக நாடகம், புஷ்பா அக்கா தமிழாக்கியது. அவர் மலேசியாக்காரர், இங்கே பள்ளிக்கூட ஆசிரியை. கதை: அடிமையாக விற்கப்பட்ட இளவரசன். அதே தோட்டத்துக்கு முன்பே விற்கப்பட்ட அவன் மனைவி. கிளர்ச்சி, துரோகம், சாவு.

இளவரசனாக நடிக்க எல்லாரும் தயார். அடிமையாக ஒருவரும் இல்லை. தமிழ்ச் சங்கச் செயலாளர் அங்கிள்: "ஆளுநர் எண்டால் சரி. சங்கிலியோட நிண்டால் என்ர மனுசியே படமெடுத்துப் போட்டுடுவா."

இளவரசனும் மனைவியும் மேடையில் கட்டிப்பிடிக்க வேண்டும். அதனால்தான் நானும் சீலனும். "ரெண்டு பேரும் சொந்தப் புருசன் பெண்சாதி. ஒருத்தரும் கதைக்க ஏலாது" என்றார் அங்கிள். தலையாட்டினோம். ஈஸ்டரிலிருந்து சீலன் (இனி சீ.) பின்னறையில் படுப்பது யாருக்குத் தெரியும்?

சண்டை இல்லை. இன்னொருத்தி இல்லை. நாடகம் முடிய சீ. லிட்கமில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார்; பிரிகிறோம். பேசி முடித்தாயிற்று. மன்னாரில் இருக்கிற மாமிக்குச் சொல்வதுதான் மிச்சம். தன் அம்மாவுக்குத் தானே சொல்வதாகச் சொன்னார். இன்னும் அதையேதான் சொல்கிறார்.

ஜூன் 17, புதன்

மழை. வாங்க: பால், பருப்பு, பல்ப் (குசினியில் அடுப்புக்கு மேலே). பாத்திரம் கழுவிக்கொண்டே வசனம் பாடமாக்கினோம்.

மாமி வீடியோவில். "நாடகமாம். படம் அனுப்புங்கோ ரெஜினா பிள்ளை." சீ. போனை வாங்கினார். "அம்மா..." என்றார். நான் குழாயை நிறுத்தினேன். "அங்க மழையோ?" என்று கேட்டார்.

என்ன மனுசன். கரு கலைந்ததை மாமிக்குச் சொன்னது நான். சீ.க்கு வேலை போனதைச் சொன்னதும் நான். இதைச் சொல்ல மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

கிளர்ச்சிக் காட்சி. பாதி அடிமைகள் வரவில்லை. ஒருவருக்கு மகனின் நீச்சல், இன்னொருவருக்கு மகளின் டியூஷன்.

புஷ்பா அக்கா: "நாடகத்துலயும் இதான்லா. ஆளுநர் மன்னிப்புன்னு சொல்றதை நம்பி, பிள்ளைகுட்டிய நெனச்சு, ஒவ்வொருத்தரா ஆயுதத்தக் கீழ போட்டுடுவாங்க."

சிரித்தோம். பிறகு தேத்தண்ணி.

கடைசிக் காட்சியும் பார்த்தோம். ஆளுநரின் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் அகப்படுவதை விட நீயே என்னைக் கொன்றுவிடு என்று மனைவி கேட்கிறாள். இளவரசன் கத்தியை ஓங்குகிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான், கத்தியைக் கீழே போடுகிறான். அவள்தான் எடுத்துத் தன்னைக் குத்திக்கொள்ள வேண்டும். இந்த இடம் சீ.க்கு மிக நன்றாக வருகிறது. நடிப்பு என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்.

ஜூன் 26, வெள்ளி

குளிர் காற்று. உடுப்புடன் ஒத்திகை. என் சேலைக்கு ஊசி குத்த வேண்டும், மறக்கக் கூடாது.

காரில் கேட்டேன்: "மாமிக்குச் சொன்னீங்களோ?"

"சொல்லுறன்."

"எப்ப?"

"நாடகம் முடியட்டும்."

எனக்கு எரிச்சலை விடக் களைப்புத்தான்.

ஜூன் 27, சனி

மண்டபம் நிறைந்தது. இடைவேளைக்கு முன்பே வடை முடிந்தது.

கடைசிக் காட்சி. சீ. கத்தியை ஓங்கினார். அது விழும், எடுக்கலாம் என்று குனியத் தயாராக நின்றேன். விழவில்லை. அவர் கத்தியை விடவில்லை. என் தோளைப் பிடித்து, கண்ணைப் பார்த்தபடி, அந்த அட்டைக் கத்தியை விலாவில் வைத்தார். நான் சாக மறந்து நின்றேன். "விழு" என்றார் காதுக்குள். விழுந்தேன்.

புஷ்பா அக்காவுக்குக் கோபம். "யாரக் கேட்டு மாத்துனீங்க?" முன்வரிசை அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சொந்தப் புருசன் பெண்சாதி. அதுதான் இப்பிடி வந்தது."

காரில் சீ. தானாகவே சொன்னார். "அம்மாட்டச் சொல்லிட்டன். மேக்கப் போட முதல்."

"என்ன சொன்னவா?"

"அழுதவா. பிழை என்னிலதான் எண்டு சொன்னன். ரெஜினாவை ஒண்டும் கேக்க வேண்டாம் எண்டும் சொன்னன்."

"ஓம்" என்றேன்.

ஜூன் 28, ஞாயிறு

நல்ல வெயில். பூசைக்குப் போகவில்லை. சீ. காரில் சாமான் ஏற்றுகிறார். கேத்தில், ரைஸ் குக்கர், கதிரை இரண்டு.

இத்தனை வருடம் இந்த ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன். ஒருமுறையாவது என்னிடம் விடாமல் தானே முன்னால் நின்று சொல்ல மாட்டாரா என்று. சொல்லிவிட்டார். நேற்றைய மனுசனோடு என்றால் நான் இருந்திருப்பேன். அவரிடம் சொல்லவில்லை.

கூப்பிடுகிறார். கதிரை ஏற்ற ஒரு கை வேண்டுமாம்.