பியருக்குச் செய்த உணரி

பிராக், நவம்பர் 19

அன்புள்ள அப்பா,

முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரை போடுகிறீர்களா, இன்னும் பிராந்தியையே தடவுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், கவலைப்பட ஒன்றுமில்லை. பியரில் எவ்வளவு சாராயம் இருக்கிறது என்று அளக்க, மிளகளவு உணரி ஒன்றை நாலு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன் அல்லவா? உள்ளே ஒரு துளி ஜெல். சாராயம் பட்டால் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைத்தான் அளப்போம். வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வகத் தலைவர் ஒட்மாருக்குப் பெயர்நாள், காலண்டரில் அவர் பெயர் போட்டிருக்கும் நாள். நீங்கள் கொடுத்தனுப்பிய பிளம் பிராந்தியைத் திறந்தேன். இரண்டாவது சுற்றில் அந்த மனுஷர், "இதுவும் நம்ம ஆளுதானே, இது மட்டும் குடிக்காம இருக்கலாமா?" என்று உணரிக்கும் ஒரு சொட்டு விட்டார். ஜெல் ஒரேயடியாகச் சுருங்கிப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

"யார்மிலா, உங்கப்பா சரக்க அளக்க இனிமேதான் ஒரு கருவி பொறக்கணும்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அதனால் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. என் கம்பளிக் காலுறையை அனுப்புங்கள். கூடவே ஒரு புட்டியும். இந்த முறை யாருக்கும் திறக்க மாட்டேன்.

டிராம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டை மீனைச் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள் அப்பா, ஒருவருக்குத்தானே.

யார்மிலா