ஆள் நடமாட்டம் இல்லாத பார்

ஹடப்சர், புனே
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கச்சி நீலாவுக்கு அக்கா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் நடுங்குகிறது. போனில் சொன்னால் உன் வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். அதனால்தான் ஸ்பீட் போஸ்ட்.

அடுத்த வாரம் நம் ஊரில் துறைமுகத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றாயே. கடலுக்குள் நடப்போகும் காற்றாலைகளின் தூண்களையும் இறக்கைகளையும் ஏற்றி இறக்கும் துறைமுகம், சுற்றுச்சூழலுக்குக் கெடுதலே இல்லை என்று நோட்டீஸில் போட்டிருக்கிறதாமே. அப்படிச் சொல்கிற ஆய்வறிக்கையைத் தன் கம்பெனிக்காக எழுதியது என் மகன் மனோஜ். ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெரிந்தது.

மேஜைமேல் துறைமுக வரைபடத்தை விரித்து வைத்திருந்தான். நான் பள்ளிக்கூடம் போகாதவள், மளிகைக்கடைக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். அதற்காக நம் கரை எனக்குத் தெரியாதா? நீங்கள் பெண்களெல்லாம் முங்கிக் கடல்பாசி எடுக்கிற பார்மேல், அந்தக் கடலடிப் பாறைமேல், சிவப்புக் கோடு. கப்பல் வர அங்கேதான் கடலைத் தோண்டப் போகிறார்களாம். "ட்ரோன் விட்டுப் பாத்தாச்சும்மா. ஒரு ஆள்கூட அங்க தண்ணில இல்ல" என்றான். எந்த நாட்களில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவன் சொன்னதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பாசி வளரட்டும் என்று நீங்கள் பேசிவைத்து யாரும் கடலில் இறங்காத நாட்கள், நீலா. இறங்கினவளுக்கு நீங்களே அபராதம் போடுகிற நாட்கள். நீங்கள் பொத்திப் பாதுகாத்த இடத்தை, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று எழுதிவிட்டான்.

மாற்றி எழுதடா என்றேன். அறிக்கை போய்விட்டதாம். அவனாக வாய் திறந்தால் வேலை போய்விடுமாம். கூட்டத்தில் ஊர்க்காரர் யாராவது எழுந்து சொன்னால் பதிவாகும், பதில் சொல்லியே ஆகவேண்டும் என்றான். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானே எழுதி அனுப்பலாம். புனேயில் இருக்கிற கிழவிக்கு இங்கே என்ன வேலை என்பார்கள்.

பெண்கள் பேசவேண்டாம், எல்லாருக்கும் சேர்த்துத் தலைவரே பேசுவார் என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்திருப்பதாகச் சொன்னாய். அவர் படகைப் பேசுவார், வலையைப் பேசுவார். பாசியை விட்டுவைக்கிற நாட்கள் அவர் வாயில் வராது. மீறிப் பேசினால் உன்னை ஒதுக்கி வைப்பார்களோ என்று எனக்குப் பயம்தான். இருந்தாலும் நீ பேசு. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. மனோஜ் அன்றைக்குக் கம்பெனி ஆளாக அந்த மேடையில்தான் உட்கார்ந்திருப்பான். நீ சொன்னதும், எழுதினவன் எவன் என்று ஜனம் கேட்கும். போன தடவை அளக்க வந்தவர்களின் ஜீப் என்ன ஆனது என்று நீதானே சொன்னாய். ஊரில் யாருக்கும் அவனை அடையாளம் தெரியாது. இங்கேயே வளர்ந்தவன், கோபத்தில் பேசுகிற தமிழ் அவனுக்குப் பாதி புரியாது. அடிக்க வருகிறவனைப் பார்த்தும் சிரித்துக்கொண்டு நிற்பான்.

உனக்கு ஒரு குறையும் வராமல் கடலம்மா பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேசி முடித்ததும் மைக்கை வைத்துவிட்டு நேராக அவன் பக்கத்தில் போய் நில். கையைப் பிடித்துக்கொள். யார் இவன் என்று கேட்டால் அக்கா மகன் என்று சொல்லாதே. என் மகன் என்று சொல்.

உன் அக்கா
மங்கையர்க்கரசி